2,84,454 பங்குகள்

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று கேட்டபோது, ஒரு எண்ணையே தலைப்பாகக் கொடுத்தேன். தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்கன்டைல் வங்கிக்கு 2016 வரை இருந்த மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை அது. ஒவ்வொரு பங்கின் முகமதிப்பும் பத்து ரூபாய். பெருக்கிப் பார்த்தால் செலுத்தப்பட்ட மூலதனம் 28 லட்சத்து 44 ஆயிரத்து 540 ரூபாய். பல்லாயிரம் கோடி ரூபாய் வைப்புத்தொகையைக் கையாண்ட ஒரு வங்கியின் உரிமை முழுவதும் இந்தச் சிறு எண்ணிக்கைக்குள் அடங்கியிருந்தது. அந்த வங்கிக்கு இருபத்தைந்து ஆண்டுக் காலம் நேர்ந்தவை எல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் கிளைத்தன.

இதை ராதாபுரத்தில் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வட்டாரத்து ஆட்கள் மும்பையிலும் சென்னையிலும் மளிகைக் கடை வைத்துச் சம்பாதித்ததும், வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு அனுப்பியதும், காற்றாலைக்கு நிலம் கொடுத்து வாங்கியதும் கடைசியில் ஏதோ ஒரு வங்கிக் கிளையின் கவுண்டருக்குத்தான் வந்து சேர்கின்றன. மெர்கன்டைல் வங்கி 2022இல் சந்தைக்கு வந்தபோது அதற்கு 509 கிளைகள் இருந்தன. அவற்றில் 369 தமிழ்நாட்டுக்குள். கிராமக் கிளைகளும் சிறுநகரக் கிளைகளும் மட்டும் 353. நம்மைப் போன்ற ஊர்களின் பணத்தில் நடக்கிற வங்கி அது. அதன் பங்கு யார் கையில் இருக்கிறது என்பது பங்குச் சந்தைக்காரர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமல்ல. வைப்புத்தொகை போட்டிருப்பவருக்கும் நகைக்கடன் வாங்கியிருப்பவருக்கும் அதில் அக்கறை இருந்தாக வேண்டும்.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடார் வணிகர்களிடம் மகமை என்றொரு ஏற்பாடு இருந்தது. வியாபாரத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்துப் பொதுநிதியில் சேர்ப்பார்கள். பேட்டையும் பள்ளிக்கூடமும் கோயிலும் அந்த நிதியில் எழுந்தன. 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1920இல் தூத்துக்குடியில் கூடிய மாநாட்டில், நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1921 மே 11 அன்று நாடார் வங்கி என்ற பெயரில் நிறுவனம் பதிவானது. அதே ஆண்டு நவம்பர் 11 அன்று தூத்துக்குடி தெற்கு ராஜ தெருவில் கதவைத் திறந்தது. முதல் தலைவர் எம்.வி. சண்முகவேல் நாடார். 1937இல் கொழும்பில் ஒரு கிளை திறந்து இரண்டு ஆண்டில் மூடினார்கள். 1962இல் தமிழ்நாடு மெர்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது.

மகமை நிதியிலிருந்து கம்பெனிப் பங்குக்கு வந்தபோது நடந்த மாற்றத்தை அன்றைக்குப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். மகமைப் பணத்தை யாரும் விற்க முடியாது. அது ஊருக்குச் சொந்தம். ஊரை விட்டுப் போகிறவர் தன் பங்கைக் கையில் எடுத்துக்கொண்டு போக வழியில்லை. கம்பெனிப் பங்கு அப்படி இல்லை. அது தனி ஆளின் சொத்து. அவர் இறந்தால் பிள்ளைகளுக்குப் போகும், பிள்ளைகளுக்குப் பணம் தேவைப்பட்டால் விற்பார்கள், வாங்குகிறவர் யாராகவும் இருக்கலாம். பொதுக்காரியம் என்று நினைத்து வாங்கிய பங்கு, சட்டத்தின் கண்ணில் ஒரு சரக்கு. இந்த இரண்டும் ஒரே காகிதத்தில் எழுபது ஆண்டு சச்சரவில்லாமல் குடியிருந்தன என்பதே பெரிய விஷயம்.

அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். இங்கே இருக்கும் இளைஞர்களில் பலர் பங்குப் பத்திரத்தைக் கையால் தொட்டிருக்க மாட்டீர்கள். கெட்டித் தாள், ஓரத்தில் கொடி வேலைப்பாடு. மேலே ஃபோலியோ எண், அதற்குக் கீழே பங்குகளின் தனித்தனி வரிசை எண்கள், இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை என்று. பங்குதாரர் பெயர். கீழே இரண்டு இயக்குநர்களின் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும். பின்பக்கத்தில் கட்டம் போட்டிருக்கும். பங்கு கைமாறும் ஒவ்வொரு முறையும் புதிய பெயரை அதில் எழுதி ஒப்பமிடுவார்கள். பத்திரத்தை விற்கத் தனியாக ஒரு பரிமாற்றப் படிவம் உண்டு. விற்பவர் அதில் கையெழுத்துப் போட்டு, ஒரு சாட்சியும் கையெழுத்துப் போட்டால் போதும். வாங்குபவர் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் நாடு முழுக்க இருந்தது. அப்படிக் கொடுத்த படிவம் எத்தனை கை மாறினாலும் வங்கியின் பங்கேட்டில் பழைய பெயரே நிற்கும். யாரிடம் விற்றோம் என்பது விற்றவருக்கே தெரியாது. யார் வாங்கிச் சேர்க்கிறார் என்பது வங்கிக்கும் தெரியாது.

சந்தையில் பட்டியலிடப்படாத வங்கி அது. பங்குக்கு அன்றாட விலை என்று ஒன்று கிடையாது. அதன் உண்மை மதிப்பு என்ன என்று ஊரில் யாருக்கும் கணக்கில்லை. அப்பா வைத்துவிட்டுப் போன பத்துப் பதினைந்து பங்கு பெட்டியில் கிடக்கும். முகமதிப்பைப் போல் பல மடங்கு தருகிறேன் என்று ஒருவர் வந்து கேட்டால், மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று கொடுத்துவிடுவார்கள். அதில் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. விலையும் தெரியாமல், வாங்குகிறவர் யாரென்றும் தெரியாமல் அவர்களை விற்க வைத்த ஏற்பாட்டின் மேல்தான் என் குறை.

1990களின் நடுவில் விஷயம் வெளியே வந்தது. மும்பையின் எஸ்ஸார் குழுமம் வங்கியின் பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வாங்கிச் சேர்த்திருந்தது. மூன்றில் இரண்டு என்றதும் மலைக்க வேண்டாம். மொத்தமே 2,84,454 தானே. இரண்டு லட்சத்துக்கும் குறைவான பங்குகள். எஃகும் எண்ணெயும் கப்பலும் நடத்துகிற ஒரு பெரிய தொழில் குழுமத்துக்கு அது பெரிய செலவே இல்லை. இயக்குநர் குழு பெயர் மாற்றத்தைப் பதிவு செய்ய மறுத்தது. தென்மாவட்டம் முழுக்கக் கொந்தளிப்பு எழுந்தது. கூட்டங்கள், தீர்மானங்கள், போராட்டங்கள். பிறகு அந்தப் பங்குகள் எஸ்ஸாரிடமிருந்து சி. சிவசங்கரனின் ஸ்டெர்லிங் குழுமத்துக்குப் போயின. நாடார் சமூகத்தின் தரப்பில் முதலீட்டாளர் மன்றம் அமைத்து, வணிகர்களிடம் பணம் திரட்டி, ஒரு பகுதியைத் திரும்ப வாங்கினார்கள். நம் பக்கத்துக் கடைக்காரர்கள் பலர் அந்த நிதிக்குக் கொடுத்திருக்கிறார்கள். பத்து ரூபாய்ப் பங்காக வெளியே போனதை ஆயிரக்கணக்கில் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

மிச்சம் இருந்த பகுதியின் கதை இன்னும் நீண்டது. 2007 மே மாதத்தில் 46,862 பங்குகள், அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ 16.5 சதவீதம், ஏழு அயல்நாட்டு நிறுவனங்களின் பெயருக்கு மாறின. ஸ்விஸ் ரீ, கமேஹமேஹா போன்ற பெயர்களோடு மொரீஷியஸில் பதிவான முதலீட்டு நிறுவனங்களும் அவற்றில் உண்டு. ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்த மாற்றம் நடந்தது என்று அன்னியச் செலாவணிச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை வந்தது. அமலாக்கத் துறை 2020இல் வங்கிக்கு 17 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வங்கி அதை எதிர்த்து வழக்காடியது. 2022இல் சந்தைக்கு வரும்போது வெளியிட்ட ஆவணத்திலேயே, தன் பங்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிலுவை வழக்குகளில் சிக்கியிருக்கின்றன என்று வங்கி அறிவிக்க வேண்டியிருந்தது. அச்சில் அதைப் படித்தபோது என் மனம் கனத்தது. நூறாண்டு கண்ட ஒரு வங்கி, என் சொந்தக்காரர்கள் யார் என்பது மூன்றில் ஒரு பங்குக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை என்று ஊரறியச் சொல்கிறது.

வங்கிப் பங்குக்கு மட்டும் இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். சிமென்ட் கம்பெனியை ஒருவர் வாங்கினால் கெடுதல் வந்தாலும் பெரும்பாலும் அவர் பணத்தோடு போகும். வங்கியில் முதலாளியின் பணம் சிறு துளி. மற்றதெல்லாம் வைப்புத்தொகையாளர் பணம். 28 லட்சம் ரூபாய் மூலதனத்தில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருப்பவர் பல்லாயிரம் கோடி அடுத்தவர் பணத்தை யாருக்குக் கடன் கொடுப்பது என்று தீர்மானிக்கும் இடத்துக்கு வந்துவிடலாம். அதுவும் அவரே பெரிய கடன்காரத் தொழிலதிபராக இருந்துவிட்டால்? இந்த அச்சத்தில்தான் 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் வாக்களிக்கும் உரிமைக்கு உச்சவரம்பு வைத்தது. நெடுங்காலம் அது ஒரு சதவீதமாக இருந்தது. 1994இல் பத்து சதவீதமானது. 2016இல் 26 சதவீதமானது. ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ வாங்க வேண்டுமானால் ரிசர்வ் வங்கியிடம் முன் அனுமதி வேண்டும் என்பது 2012இல் சட்டத்திலேயே ஏறியது. 2023 ஜனவரியில் வந்த ரிசர்வ் வங்கி ஆணையின்படி, புரமோட்டர், அதாவது நிறுவனத்தைத் தன் பிடியில் வைத்திருக்கும் முதலாளி, அல்லாத தனி ஆளோ நிதித்துறை சாராத நிறுவனமோ பத்து சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எல்லாமே நல்ல விதிகள். ஆனால் இவற்றை அமல்படுத்தத் தெளிவான பங்கேடு வேண்டும். பெயரில்லாத பரிமாற்றப் படிவத்தின் முன்னால் எந்த உச்சவரம்பும் நிற்காது.

உரிமைச் சண்டையின் செலவு வழக்கறிஞர் கட்டணத்தோடு முடியவில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டமே நடக்காமல் வருடங்கள் கடந்தன. பொதுக்கூட்டம் இல்லையென்றால் இயக்குநர் தேர்தல் இல்லை. புதுப் பங்கு வெளியிடவும் வழியில்லை. மூலதனத்தைப் பெருக்க வேண்டிய காலத்தில் பெருக்க முடியவில்லை. 2016இல்தான் ஒரு பங்குக்கு 500 போனஸ் பங்கு என்று வங்கி தன் சேமிப்பிலிருந்து கொடுத்தது. 2,84,454 பங்கு 14 கோடியே 25 லட்சத்து 11 ஆயிரத்து 454 ஆனது. அதுவும் போதவில்லை. அனுமதித்த மூலதனத்தில் பாதியாவது திரட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற சட்ட நிபந்தனை நிறைவேறவில்லை என்று 2019இல் ரிசர்வ் வங்கி, தன் முன் அனுமதி இல்லாமல் புதுக் கிளை திறக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. லாபம் ஈட்டிக்கொண்டிருந்த வங்கி அது. 2021-22இல் மட்டும் நிகர லாபம் ஏறத்தாழ 822 கோடி. கிளை கேட்டுக் காத்திருந்த ஊர்கள் இருந்தன. பங்கேட்டுக் குழப்பத்தின் விலையை அந்த ஊர்களும் கொடுத்தன.

2022 செப்டம்பர் 5 முதல் 7 வரை பொதுப்பங்கு வெளியீடு நடந்தது. புதிதாக 1 கோடியே 58 லட்சத்து 40 ஆயிரம் பங்குகள், ஒன்று 510 ரூபாய், ஆக 807 கோடியே 84 லட்சம் ரூபாய். விதிப்படி முக்கால்வாசி நிறுவன முதலீட்டாளருக்கு. சில்லறை முதலீட்டாளருக்குப் பத்து சதவீதம்தான். கேட்டு வந்தவர்களைப் பார்த்தால், சில்லறைப் பகுதிக்கு ஆறு மடங்குக்கு மேல் விண்ணப்பம். நிறுவனப் பகுதிக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். பரஸ்பர நிதிக்காரர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் வழக்குகளைப் படித்துவிட்டுத் தயங்கினார்கள். நம் ஊர்க்காரர்கள் பெயரைப் பார்த்து ஆசையோடு கேட்டார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். செப்டம்பர் 15 அன்று பட்டியலில் ஏறியது. முதல் நாள் வெளியீட்டு விலையைத் தாண்டி நிலைக்கவில்லை.

இந்த வங்கிக்குப் புரமோட்டர் என்று எவரும் இல்லை. கும்பகோணத்தில் 1904இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கிக்கும் இல்லை. அதன் பங்குகளில் பாதிக்கு மேல் இன்று அயல்நாட்டு, உள்நாட்டு நிதி நிறுவனங்களிடம் இருக்கின்றன. கரூர் வைஸ்யாவில் புரமோட்டர்களிடம் இருப்பது சொற்பம். கேரளத்தில் திருச்சூரின் கத்தோலிக் சிரியன் வங்கி வேறு வழியில் போனது. 1990களில் பாங்காக் தொழிலதிபர் ஒருவர் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியபோது ரிசர்வ் வங்கி ஒப்புக்கொள்ளவில்லை. 2018இல் கனடாவின் ஃபேர்ஃபாக்ஸ் நிறுவனம் 51 சதவீதம் எடுக்க அதே ரிசர்வ் வங்கி அனுமதி தந்தது. காலம் மாறியிருக்கிறது, மூலதனம் எங்கிருந்து வந்தாலும் ஆளைத் தெரிந்து வந்தால் சரி என்ற நிலைக்கு வந்திருக்கிறோம்.

சமூக வங்கியைச் சந்தைக்குக் கொண்டுபோனதால் அது கைவிட்டுப் போனது என்று வருந்துகிறவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் வங்கி கைவிட்டுப் போனது சந்தைக்கு வந்தபோது அல்ல. சந்தைக்கு வெளியே, விலை தெரியாத இருட்டில், பெட்டியிலிருந்து பத்திரம் பத்திரமாகப் போனது. எஸ்ஸார் வாங்கிய காலத்தில் அது பட்டியலிடப்பட்ட வங்கியாக இருந்திருந்தால், குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டிய நாளே அறிவித்தாக வேண்டியிருந்திருக்கும். இன்றைய விதிப்படி ஐந்து சதவீதம் தொட்டால் அறிவிக்க வேண்டும். காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் பங்குதாரர் வகைவாரிப் பட்டியலை வங்கி வெளியிட வேண்டும். அயல்நாட்டு நிறுவனத்திடம் எவ்வளவு, பரஸ்பர நிதியிடம் எவ்வளவு, தனி ஆட்களிடம் எவ்வளவு, ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் யார் யார் என்று பெயரோடு இருக்கும். ராதாபுரத்தில் உட்கார்ந்து கைபேசியிலேயே அதைப் படிக்கலாம். இந்த வெளிச்சம் 1994இல் இல்லாமல் போனது நமக்குப் பெரிய நட்டம்.

உள்ளே இருப்பவர்கள் பங்கு வைத்திருப்பது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு வருகிறேன். இயக்குநரும் மேலதிகாரியும் சொந்தப் பணத்தில் பங்கு வாங்கி வைத்திருந்தால், கடனைக் கண்மூடிக் கொடுக்கக் கை கூசும், அது நல்லது. ஆனால் அவருக்கு வெளியாருக்கு முன்னாலேயே கணக்குத் தெரியும். எந்தப் பெரிய கடன் திரும்பவில்லை, இந்தக் காலாண்டு லாபம் கூடுமா குறையுமா என்பதெல்லாம் தெரியும். அதனால்தான் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபியின் 2015ஆம் ஆண்டு விதிகள், காலாண்டு முடிந்த நாளிலிருந்து கணக்கு வெளியாகி 48 மணி நேரம் ஆகும் வரை அவர்கள் வாங்கவோ விற்கவோ கூடாது என்கின்றன. ஒரு காலாண்டில் பத்து லட்ச ரூபாய்க்கு மேல் கைமாற்றினால் இரண்டு வர்த்தக நாளுக்குள் சொல்ல வேண்டும். பங்குச் சந்தையின் இணையதளத்தில் அது வெளியாகும். மேலாளர் வாங்குகிறாரா விற்கிறாரா என்று பார்ப்பது சிறுபங்குதாரரின் நல்ல பழக்கம். ஒரு முறை விற்றால் பதற வேண்டாம். வீடு கட்ட விற்றிருப்பார். பலர் சேர்ந்து, தொடர்ந்து விற்றால் கேட்டே ஆக வேண்டும்.

நிறுவன முதலீட்டாளர் வேறு ரகம். கணக்கை வரி வரியாகப் படிப்பார், வாராக்கடன் விகிதத்தில் கால் சதவீதம் ஏறினால் தொலைபேசியில் கேட்பார். இயக்குநர் நியமனத்துக்கு எதிராக வாக்களிக்கவும் தயங்க மாட்டார். நான் இவர்களை வரவேற்கிறேன். ஆனால் அவருக்கு ராதாபுரம் கிளையும் ஒன்று, ராய்ப்பூர் கிளையும் ஒன்று. விதைநெல் வாங்க நகையை வைத்துக் கடன் கேட்கும் பெண்ணுக்குப் பதிலாக வேறு எங்கோ அதிக வட்டி கிடைத்தால் அங்கே போகச் சொல்வார். பிடிக்கவில்லையென்றால் ஒரே காலையில் விற்றுவிட்டுப் போவார். ஊரில் இருந்து பேசவும் ஆள் வேண்டும். அந்த ஆள் சிறுபங்குதாரர்தான்.

சிறுபங்குதாரர் விழித்தும் பயனில்லாமல் போன கதை ஒன்று நம் மாநிலத்திலேயே நடந்தது. கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. 2020 செப்டம்பர் 25 பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தை வாக்களித்துத் தள்ளினார்கள். இந்திய வங்கி வரலாற்றில் அபூர்வமான நிகழ்வு அது. ஆனால் பெரிய கடன்கள் வாராமல் மூலதனம் கரைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நவம்பர் 17 அன்று மத்திய அரசு அந்த வங்கிக்குத் தடைக்காலம் விதித்தது. 27 அன்று சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியோடு இணைத்தார்கள். வைப்புத்தொகை காப்பாற்றப்பட்டது. பங்குகள் முழுவதும் அழிக்கப்பட்டன. கடைசிப் பங்குதாரர் வரை ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. ஓய்வூதியக் காசைப் போட்டிருந்த பெரியவர்களை நான் அறிவேன். அவர்களின் முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது. அந்த வாக்கு நான்கு ஆண்டு முன்னால் விழுந்திருக்க வேண்டும்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கதை உண்டு, பலர் மறந்துவிட்டார்கள். திருநெல்வேலியிலேயே தோன்றி வளர்ந்த பேங்க் ஆஃப் தமிழ்நாடு, 1990 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. தாமிரபரணிக் கரையில் பிறந்த வங்கி ஒன்று இப்படிப் பெயரின்றிப் போயிற்று. மெர்கன்டைல் வங்கியின் நிலை அப்படி ஆகவில்லை என்பதே ஆறுதல்.

இந்தத் தொகுதிக்காரர்களுக்கு ஒரு வாக்கின் கனத்தை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தின் முடிவு 49 வாக்கு வித்தியாசத்தில் வந்தது. மறு எண்ணிக்கை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே ஆளுக்கு ஒரு வாக்கு. கம்பெனியில் பங்குக்கு ஒரு வாக்கு. அதனால் நம் நூறு பங்கு எந்த மூலைக்கு என்று சிறுபங்குதாரர் ஒதுங்கிவிடுகிறார். ராதாபுரம் கால்வாயின் 52 குளங்களில் கடைமடைக் குளத்துக்காரர் தண்ணீர் முறைக்கு ஆள் அனுப்பாமல் இருந்தால் என்ன ஆகும் என்று இங்குள்ள விவசாயிகளுக்குத் தெரியும். ஒரு குளம் தனியாக மதகைத் திறந்துவிட முடியாது. கடைமடை ஊர்கள் சேர்ந்து வந்து நின்றால் நீர்வளத் துறை அதிகாரி பேசியே ஆக வேண்டும். புரமோட்டர் இல்லாத வங்கியில் சிதறிக் கிடக்கும் சிறுபங்குகளைக் கூட்டினால், பெரிய தொகுதி ஒன்றின் கணக்கு வரும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். தாத்தா பெயரில் பழைய நாடார் வங்கிப் பத்திரம் பெட்டியில் கிடக்கிறதா என்று இன்று வீட்டுக்குப் போய்த் தேடிப் பாருங்கள். அந்தக் காலத்துப் பத்துப் பங்கு இருந்திருந்தால், போனஸோடு சேர்த்து இன்று அது 5,010 பங்கு. வெளியீட்டு விலையில் கணக்கிட்டாலே 25 லட்சத்து 55 ஆயிரத்து 100 ரூபாய். 2018 அக்டோபர் 2 முதல் பட்டியலிடப்படாத பொதுக் கம்பெனிகளின் பங்கையும் காகிதமாக விற்க வழியில்லை. பங்கை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு கட்டாயம். வாரிசுரிமை மாற்றம் மட்டும் காகிதப் பத்திரத்தை வைத்துச் செய்யலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவற்றோடு வங்கியின் பங்குப் பதிவாளருக்கு எழுத வேண்டும். ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் கிடந்திருந்தால் பங்கு முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். பயப்பட வேண்டாம், அது திரும்பக் கிடைக்கும். ஐஇபிஎஃப்-5 என்ற படிவத்தை இணையத்தில் நிரப்பி, அசல் ஆவணங்களை வங்கியின் பொறுப்பு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பொறுமை வேண்டும்; மாதங்கள் ஆகும். பத்திரம் எங்கே என்று தெரியவில்லை, பங்கு இருந்தது மட்டும் நினைவிருக்கிறது என்றாலும் தாத்தாவின் பெயர், அப்பா பெயர், பழைய முகவரி சொல்லிக் கேட்கலாம். யாராவது அண்ணாச்சி வந்து, நான் முடித்துத் தருகிறேன், பாதியைக் கொடு என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டதன் விளைவை நாம் ஒரு தலைமுறை பார்த்துவிட்டோம்.

பங்கு உங்கள் பெயருக்கு வந்துவிட்டால் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு வரும். தடித்த ஆவணம், முழுவதும் படிக்க வேண்டியதில்லை. இயக்குநர் நியமனத் தீர்மானங்களுக்குக் கீழே விளக்கக் குறிப்பு இருக்கும். அந்த இயக்குநரின் பெயரில் எத்தனை பங்கு, சென்ற ஆண்டில் எத்தனை குழுக் கூட்டத்துக்கு வந்தார், வேறு எந்தக் கம்பெனிகளில் இருக்கிறார், மற்ற இயக்குநர்களில் யாருக்கு உறவு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்த நான்கையும் பார்த்துவிட்டுக் கைபேசியிலேயே வாக்களிக்கலாம். மின்வாக்குப் பதிவு மூன்று நாளாவது திறந்திருக்கும். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு அடைத்துவிடுவார்கள்.